பானையில் போடக்கூடாத வேர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அப்பா சொல்கிறேன், இதை முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அம்மாவின் போனிலிருந்து செய்தால் எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உறையூரிலிருந்து உன் அக்காவை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதவைக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் அவளையே திருப்பிப் படிக்கச்சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு இடத்தில் உனக்கு வலிக்கக்கூடாது என்று மழுப்பி எழுதியிருந்தாள். பிடித்துவிட்டேன். கண்தான் எழுத்துக்கு உதவாது, காதும் ஞாபகமும் இன்னும் சரியாகத்தான் இருக்கின்றன.

வரும் வியாழக்கிழமை ஸ்ரீரங்கம் பத்திர ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போக வருகிறாய். கொள்ளிடக் கரை நிலத்தை முசிறிக்காரருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும், பட்டா என் பேரில் இருப்பதால் என் கைநாட்டு வேண்டும். அந்த மண்ணில் காரீயம் கலந்திருப்பதை அவர்களிடம் சொல்லக்கூடாது என்பது நீ போட்ட கட்டளை. "அவங்களா கேட்டா பாத்துக்கலாம்ப்பா. கேக்காதவங்களுக்கு நாம ஏன் சொல்லணும்?" என்று போன மாதம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய். நான் பதில் சொல்லவில்லை. சரி என்று நீ எடுத்துக்கொண்டாய். நான் சரி சொல்லவில்லை தம்பி, வாயடைத்து நின்றேன், அவ்வளவுதான். நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நிலத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், நீ ஒருநாளும் உட்கார்ந்து கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நேற்று நான் செய்தது உனக்குக் கிழவனின் பிடிவாதமாகத்தான் தெரியும்.

நம் வேலியை ஒட்டி இருந்த கொட்டகை உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்குவார்கள். ஆசிட் தண்ணீரை வேலியோரம் திறந்துவிட்டார்கள். முதலில் அந்தப் பக்கத்து வாழைக்கன்றுகள் நின்ற நிலையிலேயே நின்றன, வளரவில்லை. இலை ஓரம் கருகியது. நான் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அள்ளிப் போட்டேன். அதிகாரிகள் வந்து கொட்டகையைப் பூட்டிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். நடத்தியவன் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. உருக்கின காரீயத்தைக் கொண்டுபோய்விட்டான், சிந்தினதை நமக்கு விட்டுவிட்டான்.

அப்புறம்தான் திருச்சியில் ஒரு காலேஜில் பாடம் நடத்தும் டீச்சர் வந்தார். மண்ணை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, எதுவும் பயிரிட வேண்டாம் என்றார். கெட்ட செய்தி எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவர் அதோடு போகவில்லை. வேலியோரம், புல்கூட முளைக்காத அந்தக் கரிந்த இடத்தில், ஒரே ஒரு எருக்கஞ்செடி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வேரோடு ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். எருக்கில் என்னம்மா இருக்கிறது, ஆடுகூட வாய் வைக்காதே என்றேன். "எருக்க நான் பாக்கலீங்க ஐயா. அது தனியா நிக்கல. வேரச் சுத்தி அதுக்குத் துணையா ஆளுங்க இருக்காங்க. அவங்களத்தான் பாக்க வந்தேன்" என்றார்.

மாதங்கள் கழித்துக் கறுப்பாக ஒரு பொடி கொண்டுவந்தார். அந்த எருக்கின் வேரடியில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பிரித்தெடுத்து, லேபில் பெருக்கி, கரித்தூளில் கலந்திருந்தார். கிருமி என்றதும் நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன். தயிரைத் தயிராக்குவதும் கிருமிதான் என்று சிரித்தார். ஆறின கஞ்சியில் அந்தப் பொடியைக் கலந்து, வெட்டிவேர் நாற்றை அதில் முக்கி ஒரு பாத்தியில் நட்டோம். பொடி இல்லாமல் வெறும் நாற்றைப் பக்கத்துப் பாத்தியில் நட்டோம். வெறும் நாற்றின் நுனி எல்லாம் பழுப்பேறிக் குட்டையாக நின்றது. முக்கி நட்டது இடுப்புயரம் வந்தது. நீ தீபாவளிக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, உரத்தால் வந்த வித்தியாசம் என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் விளக்க வந்தேன், உனக்கு ஒரு போன் வந்துவிட்டது.

அந்தக் கிருமிகள் காரீயத்தைத் தின்றுவிடுமா என்று நானும் டீச்சரிடம் ஆசையாகக் கேட்டேன். இல்லை என்றார். அவை தம் உடம்பின் மேலே ஒரு பிசினைச் சுரந்து, அதில் காரீயத்தை ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ளுமாம். மண்ணில் இருக்கிற பாஸ்பேட் சத்தை இளக்கிவிட்டு, அது காரீயத்தோடு சேர்ந்து கல் மாதிரி இறுகும்படி செய்கிற ஜாதியும் உண்டாம். நேர் எதிராக, காரீயத்தை இளக்கிச் செடிக்குள் ஏற்றிவிடுகிற ஜாதியும் உண்டாம். எது எது என்று பிரிக்கத்தான் அவருக்கு அத்தனை மாதம் பிடித்தது. தப்பி உள்ளே வருவதை வெட்டிவேர் தன் வேரிலேயே அடைத்துவைத்துக்கொள்ளும், பெரும்பாலும் மேலே இருக்கிற தோகைக்கு ஏற விடாது. இன்னொன்றும் சொன்னார். கஷ்டம் வந்தால் செடி தனக்குள்ளேயே ஒரு வாயுவை உண்டாக்கிக்கொள்ளுமாம். அளவாக இருந்தால் அது நல்லது. அளவு மீறினால் அந்த வாயுவே வேரை நீளவிடாமல் முடக்கிவிடும். விஷம் பாதி கெடுத்தால், விஷத்துக்குப் பயந்து தான் உண்டாக்கியது மீதியைக் கெடுக்கும். இந்தக் கிருமிகள் அந்த வாயுவுக்கான சரக்கைத் தின்று அதைக் குறைத்துவிடுகின்றன. உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேச்சு ஞாபகம் வருகிறது. நீ பயந்தது நியாயம். அந்தப் பயம் இப்போது உன்னைச் செய்யவைக்கிற காரியம்தான் நியாயமில்லை.

கடைசியாக, எப்போதுதான் இந்த மண் சுத்தமாகும் என்று கேட்டேன். டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர். "காரீயம் அழியாதுங்க ஐயா. இடம்தான் மாறும். காத்துல புழுதியாப் போகாம, தண்ணில இறங்காம, இங்கயே புடிச்சு வைக்கலாம். நம்ம காலத்துல நம்மால முடிஞ்சது அதுதான்" என்றார். இந்தச் சொல்லை மறந்துவிடாதே. நேற்று என் வாயைத் திறக்கவைத்தது அந்தச் சொல்தான்.

இப்போது உனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த நிலத்தில் விளைவது எதுவும் வீட்டுக்குள் போகக்கூடாது என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், அங்கே விளைவது எதையும் சாப்பிடாதே என்றேன். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். கோடை வந்தது. வருஷா வருஷம் ஸ்ரீரங்கத்துக் கடையில் வாங்குகிற வெட்டிவேர்க் கட்டு இந்த வருஷம் நம் நிலத்திலேயே மணக்க மணக்க இருக்கும்போது எதற்குக் கடைக்குப் போவது என்று உன் அம்மா நினைத்ததில் என்ன தப்பு? ஒரு தூரைப் பிடுங்கி, அலசி, காயவைத்து, கட்டி, குடிக்கிற பானையில் போட்டாள். லீவுக்கு வந்திருந்த உன் மகன் கவின் அந்தத் தண்ணீரை விரும்பி விரும்பிக் குடித்தான். நீயும்தான் சொம்பைக் கீழே வைக்காமல் குடித்துவிட்டு, கடைத் தண்ணீரெல்லாம் இதற்கு முன்னால் நிற்குமா என்றாய். டீச்சர் அன்று ஏதோ கேட்க வீட்டுக்கு வந்தார். அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். வாசனை பிடித்ததும் டீச்சர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, இந்த வேர் எங்கே வாங்கியது என்று கேட்டார். அம்மா பெருமையாகச் சொன்னாள். டீச்சர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அம்மாவுக்குப் புரிந்ததும் அவள் சொன்னது இதுதான்: "சாப்பிடக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? வேர யாரு சாப்பிட்டா?"

அவளைக் குற்றம் சொல்லாதே. ஒன்றைச் செய்யாதே என்று சொல்லும்போது, ஏன் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் பாதியைத்தான் சொன்னேன். உன் மனைவியிடமும் நாளைக்குக் கவினிடமும் பேசும்போது அந்த மீதிப் பாதியை விழுங்கிவிடாதே.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டின கையோடு கவின் உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். முடிவு வரும்வரை நீ வராந்தா பெஞ்சில் காத்திருந்தாய். யார் வெள்ளை உடையில் வந்தாலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாய். அம்மா உன் பக்கத்தில் உட்கார வந்தாள், நீ நகர்ந்து உட்கார்ந்தாய். அளவு கொஞ்சம் அதிகம்தான் என்று டாக்டர் சொன்னபோது உன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். குடித்த தண்ணீரிலிருந்து எவ்வளவு, வயலில் விளையாடிக் கையை வாயில் வைத்ததிலிருந்து எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். இனிமேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால், பாலும் கீரையும் நன்றாகக் கொடுத்தால், மெல்லக் குறையும் என்றார். அடுத்த டெஸ்ட்டில் குறைந்துவிட்டது என்பதை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. அந்த நிலத்தைத் தலைமுழுக வேண்டும் என்று நீ முடிவு கட்டியது அந்த வராந்தாவில்தான். நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இனி நேற்று நடந்தது. முசிறிக்காரர் அவர் மனைவியையும் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பெண் குழந்தைக்குக் கவின் வயதுதான் இருக்கும். முசிறியில் குத்தகைக்கு வாழை போட்டிருப்பவர்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, ஓரத்தில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு, கீரை போட்டுத் தினமும் ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் கொண்டுபோய் விற்கலாம் என்று திட்டம். காரீயம் சேர்ந்த மண்ணில் கீரை என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. நீ சொன்னபடியே நான் வாயைத் திறக்கவில்லை. வரப்பு எது, கிணறு எது என்று கையைக் காட்டிக்கொண்டே நடந்தேன். அந்தப் பெண்மணி வெட்டிவேர்ப் பாத்தியைப் பார்த்து நின்றுவிட்டார். இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, இந்த மண்ணில் எதைப் போட்டாலும் வரும்போலிருக்கிறதே என்று புருஷனிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார். செடி தப்பித்து நிற்பதைப் பார்த்து மண் நல்ல மண் என்று நம்புகிறார்கள் தம்பி. இந்த மண்ணிலும் இப்படி நிற்கத் தெரிந்த செடி அது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதும் நான் பேசவில்லை. நீ ஆஸ்பத்திரியில் நகர்ந்து உட்கார்ந்தாயே, அது கண்ணில் நின்றது. இதையும் கெடுத்தால் என் மகன் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்மணி ஒரு தூரை அசைத்து அசைத்துப் பிடுங்கிவிட்டிருந்தார். மண்ணை உதறி முகர்ந்து பார்த்து, குழந்தையின் மூக்கிலும் வைத்துக் காட்டினார். குழந்தை சிரித்தது. "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. பானையில போட ரெண்டு வேரு எடுத்துக்கட்டுமா? பாப்பா தண்ணியே குடிக்க மாட்டேங்குது, வாசனையா இருந்தா குடிக்கும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வேண்டாம்மா என்று சொல்லி அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஒரு வேருதானே, அதுக்குப் போயி" என்றார். ஒரு வேருக்குக் கணக்குப் பார்க்கிற கஞ்சன் என்று நினைத்திருப்பார். நான் முதலில் அவரையும் குழந்தையையும் கிணற்றடிக் குழாய்க்குக் கூட்டிப்போனேன். இந்தப் பக்கத்துக் கிணற்று நீரல்ல, கரையிலிருந்து வருகிற பைப் தண்ணீர். சோப்பு கொடுத்து, குழந்தையின் நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவச் சொன்னேன். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே. கழுவிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகையைச் சொன்னேன், எருக்கைச் சொன்னேன், பானையைச் சொன்னேன், கவின் கையில் பஞ்சு ஒட்டியிருந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்மணி குழந்தையின் கையை மறுபடி ஒருமுறை கழுவினார். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார்.

அவர் புருஷன் நிதானமான மனுஷர். சத்தம் போடவில்லை. பாத்தியைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஒங்க பையன் எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?" என்றார்.

தம்பி, அந்த இடத்தில் நான் ஒன்று சொன்னேன். "அவன்தாங்க சொல்லச் சொன்னான். போன்ல சொன்னா சரியா வராது, நேர்ல வரும்போது நீங்க சொல்லிடுங்கப்பான்னான்" என்றேன்.

இதைக் கேட்டுத்தான் அக்கா இப்போது அழுகிறாள். பொய் சொல்லிவிட்டீர்களே என்கிறாள். அது முழுப் பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. உனக்கு மணப்பாறைச் சந்தை ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பிள்ளை, கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்கிற வயசு. பால் கறக்க உட்கார்ந்தால் உதைக்கிற ஒரு சிவப்புப் பசுவை விற்க உன்னையும் கூட்டிப்போனேன். பேச்சு முடிந்து, வந்த ஆள் கயிற்றைக் கையில் வாங்குகிற நேரத்தில் நீ அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "மாமா, இது ஒதைக்கும். எங்கப்பாவையே ஒதச்சிருச்சு" என்றாய். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினது மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆள் பசுவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, காலைக் கட்டிக் கறந்துகொள்கிறேன் என்று ஓட்டிக்கொண்டுதான் போனார். திரும்பி வருகிற பஸ்ஸில் வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். வியாபாரம் நடக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். போன மாதம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நீ திருப்பிச் சொன்னது என் பாடம். நேற்று கிணற்றடியில் நான் திருப்பிச் சொன்னது உன் பாடம். யார் சொல்லச் சொன்னது என்று கேட்டால், சந்தையில் வேட்டியைப் பிடித்து இழுத்த அந்தப் பயல்தான் என்று சத்தியம் செய்வேன்.

நிலத்தை விற்றால் நமக்கு விட்டது என்று நினைத்தாய். காரீயம் அழியாது, இடம்தான் மாறும். கொட்டகைக்காரன் நம் பக்கம் தள்ளினான். நாம் முசிறிக்காரர் குழந்தையின் பானைக்குத் தள்ளப் பார்த்தோம். அவன் யாருக்குச் செய்தோம் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையின் சிரிப்பை நான் பார்த்துவிட்டேன், என்னால் முடியாது. நிலம் அப்படியே இருக்கட்டும். வெட்டிவேர் அதன் வேலையைச் செய்யட்டும். என் காலத்துக்குப் பின் நீ அதை உழாமல், பிடுங்காமல், யாருக்கும் குத்தகைக்கு விடாமல் வைத்திருந்தால் போதும். வேறு எதுவும் அதற்காக நீ செய்ய வேண்டாம். உன்னைக் கேட்காமல் வியாபாரத்தை முறித்துவிட்டேன். அதற்கு நீ என்னிடம் என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்கிறேன். முகத்துக்கு நேரே கேள், போனை மட்டும் வைக்காதே.

வியாழக்கிழமை டிக்கெட்டை கேன்சல் செய்யாதே. தோகையை அறுத்துவிட வேண்டிய நாள் வருகிறது, டீச்சரும் வருகிறார். உனக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். கவினை இப்போது கூட்டிவர வேண்டாம். அம்மா கேட்பாள், நான் சமாளித்துக்கொள்கிறேன். பானையை அன்றைக்கே உடைத்துவிட்டாள். புதுப்பானை வாங்கிக் கொடுத்தேன், அதில் வெறும் தண்ணீர்தான் வைக்கிறாள்.

ஒன்று மட்டும் அவசரம். முசிறிக்காரர் போகும்போது உன் நம்பரை மறுபடி சரிபார்த்துக்கொண்டு போனார். இன்று சாயங்காலம் வாழைத்தோப்பு வேலை முடிந்ததும் உனக்குப் பேசுவார். உன்னைத் திட்டுவதற்கு இல்லை தம்பி. நீ சொல்லச் சொன்னதாக நான் சொன்னதற்கு உனக்கு நன்றி சொல்ல. அவர் மனைவியும் பேச வேண்டும் என்றார். நான் சொன்னது பொய்யாகவே இருக்கட்டுமா, நிஜமாகட்டுமா என்பது அந்த போனை எடுத்து நீ என்ன பேசுகிறாய் என்பதில் இருக்கிறது. எடு.

சொன்னது உன் அப்பா. எழுதியது உன் அக்கா. கீழே இருப்பது என் இடது கைக் கட்டைவிரல். பத்திரத்துக்கென்று வைத்திருந்ததை இந்தக் காகிதத்தில் வைத்திருக்கிறேன். வைப்பதற்கு முன்னால் நகத்தைத் தேய்த்துக் கழுவினேன்.